உப்புப் பார்க்கும் உத்தியோகம்

ஏழு வயதில் எனக்கு ஒரு உத்தியோகம் கிடைத்தது. நோன்புக் கஞ்சிக்கு உப்புப் பார்ப்பது. கிண்ணியாவில் எங்கள் வீட்டில் வாப்பாவுக்கு நோன்பு, எனக்கு மூத்தவளான ராத்தாவுக்கு நோன்பு. நோன்பு பிடித்தவர்கள் எதையும் வாயில் வைத்துப் பார்க்க மாட்டார்கள். மிச்சம் இரண்டே பேர்: சின்னப் பிள்ளையென்று நான், வருத்தக்காரியென்று உம்மா. உம்மாவே பார்த்திருக்கலாம்தான். ஆனால் புற்றுநோய்க்கென்று கொழும்பு ஆஸ்பத்திரியில் ஏற்றிய மருந்து அவருடைய தலைமுடியோடு நாக்கின் ருசியையும் கொண்டுபோயிருந்தது. சீனியும் உப்பும் ஒன்றுதான், மண்ணைத் தின்கிற மாதிரி இருக்கு என்பார்.

என் வயதுப் பிள்ளைகள் அரை நோன்பு பிடித்துவிட்டு ஊர் முழுக்கப் பெருமையடித்துத் திரிந்தார்கள். எனக்கு அந்தப் பெருமை தேவைப்படவில்லை. பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு உம்மா தலையைத் துணியால் மூடிக்கொண்டு குசினியில் அடுப்புக்குப் பக்கத்துக் கதிரையில் இருப்பார். ராத்தா கஞ்சியைத் துழாவுவாள். தேங்காய்ப்பால் விட்டு இறக்குகிற நேரம் உம்மா என்னைக் கூப்பிட்டு, அகப்பையில் கொஞ்சம் எடுத்து ஆற்றி, என் உள்ளங்கையில் விடுவார். நான் நக்கிப் பார்த்து, கண்ணை மூடி, நீதவான் தீர்ப்புச் சொல்வதுபோல இன்னும் போடுங்க என்பேன். ராத்தா முறைப்பாள். உம்மா போடுவார்.

எனக்கு உப்பென்றால் உயிர். மாங்காயை விட்டுவிட்டு உப்பை மட்டும் நக்குகிற பிள்ளை நான். அந்தக் கஞ்சி எப்படி இருந்திருக்கும் என்று இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. வாப்பா விடியவே பாலம் தாண்டித் திருகோணமலைச் சந்தைக்குப் போய் மீன் விற்று, பகலெல்லாம் ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல் வருகிற மனிதர். ஈத்தம்பழத்தைக் கடித்து நோன்பைத் திறந்து, கஞ்சியில் ஒரு மடக்குக் குடித்து, என்னைப் பார்த்து நல்லாயிருக்கு என்பார். பிறகு செம்பு செம்பாகத் தண்ணீர் குடிப்பார். நாங்கள் கஞ்சி கொடுத்தனுப்பிய பக்கத்து வீட்டிலிருந்தும் ஒரு முறைப்பாடு வரவில்லை.

பத்தாம் நோன்பளவில் உம்மா மறுபடி மருந்து ஏற்றப் போகவேண்டிய நாள் வந்தது. உம்மா போகவில்லை. நோய் ஈரலுக்கும் பரவிவிட்டது, மருந்து ஏற்றினால் கொஞ்சக் காலம் கூடக் கிடைக்கலாம், சுகமாகும் என்று சொல்ல ஏலாது என்று டொக்டர் சொல்லியிருந்தாராம். வாப்பா கெஞ்சிப் பார்த்தார். ராத்தா இரண்டு நாள் முகம் கொடுக்காமல் இருந்து பார்த்தாள்.

"ஏத்திட்டு வந்து பதினஞ்சு நாள் சுருண்டு கிடக்கிறன். எழும்பிற நேரம் அடுத்த ஊசி. இருக்கிற நாளையாவது மனிசி மாதிரி இருந்து பார்க்கிறனே," என்று உம்மா சொன்னது எனக்கும் கேட்டது. பெரியவர்களின் கதை என்று நான் விளையாடப் போய்விட்டேன்.

மருந்து நின்றதும் உம்மா மெல்லத் தேறினார். முற்றத்தில் நடந்தார். ராத்தாவின் கையிலிருந்து அகப்பையை வாங்கினார். இருபதாம் நோன்பு கழிந்து ஒருநாள், நான் சொன்னபடி உப்புப் போட்ட கஞ்சியைத் தானே குடித்துப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். இஞ்சி உறைக்குது என்றார். இன்னொரு வாய் எடுத்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். சிரிக்கச் சிரிக்கக் கண்ணால் தண்ணீர் ஓடியது.

"உப்புக் கூடிப்போச்சு மகள். இதையா எல்லாரும் இவ்வளவு நாளும் குடிச்சீங்க?"

உம்மா திருத்திய கஞ்சியை வாப்பா அன்றைக்கு மூன்று கோப்பை குடித்தார். உம்மாவும் குடித்து, கோப்பையை வழித்து நக்கினார். வீடே சந்தோஷமாக இருந்தது. எனக்கு மட்டும் வயிறு எரிந்தது. அடுத்த நாள் என்னைக் குசினிக்குக் கூப்பிடவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. இனி நீங்களும் ஒரு நோன்பு பிடிச்சுப் பாருங்க மகள் என்று உம்மா அன்பாகத்தான் சொன்னார். எனக்கு அது வேலையிலிருந்து நிறுத்திய கடிதம் மாதிரி இருந்தது.

ஏழு வயது மூளைக்கு வழியா தெரியாது? மருந்து ஏற்றினால் ருசி போகும். ருசி போனால் என்னைக் கூப்பிடுவார்கள். நோன்பு திறந்து எல்லோரும் பாயில் இருந்தபோது உம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்து அழத் தொடங்கினேன்.

"கொழும்புக்குப் போய் மருந்து ஏத்துங்க உம்மா. எனக்காகப் போங்க."

வாப்பா கோப்பையை வைத்துவிட்டு முற்றத்துக்கு எழும்பிப் போனார். ராத்தா வாயைப் பொத்திக்கொண்டாள். உம்மா என் தலையைத் தடவினார்.

"சரி மகள். போறன்."

பெருநாள் கழிந்த கையோடு போனார். வந்து படுத்தார். ருசி போனது. அதற்குப் பிறகு கஞ்சிக்கு மட்டுமல்ல, வீட்டில் கொதித்த கறிக்கெல்லாம் நான்தான் உப்புப் பார்த்தேன். தலைகால் புரியாத சந்தோஷம் எனக்கு. உம்மா இன்னும் இரண்டு நோன்புக்கு இருந்தார். அந்த இரண்டு வருடமும் கொழும்பு பஸ், வாந்தி, வாய்ப்புண். ருசித்து ஒரு வாய் சோறு அவர் தின்றதை நான் பார்க்கவில்லை. மூன்றாவது நோன்புக்கு உம்மா இல்லை.

இப்போது எனக்கென்று ஒரு குசினி இருக்கிறது. நோன்பு காலத்தில் அசர் நேரமானால் என் மனம் உம்மாவைத் தேடும். இந்த வயதிலும் அழுகை வரும். நீ அன்றைக்கு அழுதபடியால்தான் உம்மா இன்னும் இரண்டு வருடம் எங்களோடு இருந்தா என்று ராத்தா இன்றைக்கும் நன்றியோடு சொல்வாள். கொடுத்தேனா, பறித்தேனா என்று எனக்குத் தெரியாது. நான் எதற்காக அழுதேன் என்பதை அவளிடம் சொன்னதில்லை. உம்மாவிடமும் சொல்லவில்லை. தான் வேண்டுமென்றுதான் பிள்ளை அழுகிறாள் என்று நம்பி அவர் அத்தனை ஊசிக்கும் கையை நீட்டினார்.

எனக்கு வேண்டியிருந்தது அந்த உத்தியோகம்தான் என்று நானும் கனகாலம் நினைத்திருந்தேன். உம்மாவுக்குப் பக்கத்தில் நிற்க எனக்கு வேறு சாட்டு இருக்கவில்லை என்பது அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை. உம்மா சரியாகத்தான் விளங்கிக்கொண்டார்.