எண்ணைத் திருப்பிச் சொன்னவர்கள்

இது நடந்தது. 2023 டிசம்பர் 7, வியாழக்கிழமை, பிற்பகல் 3:34 முதல் 3:55 வரை. நேரத்தை நான் குத்துமதிப்பாகச் சொல்லவில்லை. உறைகலனின் மூடியைத் திறந்த நேரமும் மூடிய நேரமும் இயந்திரத்தில் பதிவாகியிருக்கின்றன. பேயைக் கண்டேன் என்பவர்களைப் பார்த்தால் எனக்கு எப்போதும் இளக்காரம்தான். விளக்கு அணைந்தது, கதவு முனகியது என்று ஆரம்பிப்பார்கள். அன்று எல்லா விளக்கும் எரிந்தது. எந்தக் கதவும் முனகவில்லை.

என் பெயர் போடில். கோபன்ஹேகனில் ஒரு மருத்துவமனையின் திசு வங்கியில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். கடுமையான மருந்து ஏற்றுவதற்கு முன்னால் சிறுமிகளின் சினைப்பையிலிருந்து ஒரு பகுதியை எடுத்து எங்களுக்கு அனுப்புவார்கள். அதை மெல்லிய துண்டுகளாக்கி, சின்னக் குப்பியில் போட்டு, திரவ நைட்ரஜனில் உறைய வைப்போம். மருந்து ஆளைப் பிழைக்க வைக்கும், சினைப்பையைக் கொன்றுவிடும். பிழைத்தவள் வளர்ந்து பிள்ளை வேண்டுமென்று வரும்போது, அந்தத் துண்டுகளை உடம்பில் திரும்ப வைப்பார்கள். சொந்தப் பிள்ளைக்கு அவளுக்கு வேறு வழி இல்லை. ஒருத்திக்கு ஒரு குப்பி. தவறான குப்பியை வெளியே எடுத்துவிட்டால் அவளுடைய பிள்ளை அத்தோடு போயிற்று.

அந்த வருடம் எங்கள் மருத்துவமனைக்கும் ஒரு மருந்து நிறுவனத்தின் அறக்கட்டளைக்கும் ஒரு ஸ்டெம் செல் ஆய்வுக்கூடத்துக்கும் கூட்டு ஏற்பட்டது. 'கைகோத்து நாளைக்கு' என்று அதற்கு ஒரு பெயரும் வைத்தார்கள். யார் கையை யார் கோத்தார்களோ எனக்குத் தெரியாது. ஆய்வுக்கூடத்துக்குத் திசு வேண்டும், அறக்கட்டளைக்குப் புகைப்படம் வேண்டும், எங்கள் பிரிவின் தலைவர் ப்ரேபெனுக்கு மேடை வேண்டும். மூன்றும் கிடைத்தன.

ஏற்பாடு இதுதான். குப்பிக்குரியவள் இறந்துபோனால் திசுவை ஆய்வுக்குக் கொடுக்கலாம் என்று பெற்றோர் கையெழுத்திட்டிருப்பார்கள். இறந்தவர்கள் யார் யார் என்று கணினியை விட்டு மக்கள் பதிவேட்டோடு ஒப்பிட்டார்கள். பதினோரு எண்கள் வந்தன. எண்கள் மட்டும். பெயர் கிடையாது. எங்கள் நாட்டில் ஆளுக்கு ஓர் எண். பிறந்த தேதியும் அதன்பின் நான்கு இலக்கமும். அதை வைத்துத்தான் வரி, வைத்தியம், நூலகம், சுடுகாடு எல்லாம். குப்பியிலும் அது மட்டும்தான் இருக்கும்.

அன்று மாடியில் விழா. பாதாம் கேக்கை வளையம் வளையமாக அடுக்கிக் கோபுரம் கட்டியிருந்தார்கள். கீழே பதினோரு குப்பிகளை எடுத்துப் பயணக் கலனில் வைக்க வேண்டும். நாலேகாலுக்கு வண்டி வரும்.

குப்பி எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் எண்ணைச் சத்தமாகப் படிப்பார். மற்றவர் திருப்பிச் சொல்வார். அப்புறம்தான் குப்பி கலன் மாறும். இருபத்திரண்டு வருடத்தில் இதை நான் மீறியதில்லை.

எனக்குச் சாட்சியாக வர வேண்டியவன் பியார்னே. பதினைந்து வருடமாக எனக்கு எதிர் மேசையில் உட்கார்ந்து ஏப்பம் விடுகிறவன். 3:20-க்கு வாசலில் தலையை மட்டும் நீட்டினான்.

"கேக்கு தீந்துடும் போடில். நான் மேல போறேன்."

"சாட்சிக்கு யாரு வருவா?"

"நீயே படி, நீயே திருப்பிச் சொல்லிக்க. அப்புறமா வந்து கையெழுத்துப் போட்டுடறேன். செத்தவங்க குப்பிதானே, யாரு வந்து சண்டை போடப் போறா?"

அவனிடம் பேசுவதைவிடச் சும்மா இருப்பது எனக்குப் பிடிக்கும். போய்விட்டான்.

ஆனால் தனியாக உள்ளே போனது நான்தான். அவனை இகழ்ந்துகொண்டே, அவன் சொன்னதைத்தான் செய்தேன்.

3:34. மூடியைத் திறந்தேன். வெள்ளை ஆவி கலனின் விளிம்பில் வழிந்து தரையில் பரவியது. வெளியே அதற்குள் இருட்டத் தொடங்கியிருந்தது. டிசம்பரில் எங்களுக்குப் பகல் அவ்வளவுதான். இடுக்கியால் முதல் குப்பியைப் பிடித்து, ஆவிக்குள்ளேயே வைத்து, பழக்கத்தில் எண்ணைச் சத்தமாகப் படித்தேன். பழக்கத்தில் காத்திருந்தேன்.

பின்னால் இருந்து ஒரு குரல் எண்ணைத் திருப்பிச் சொன்னது.

சரியாகச் சொன்னது. பியார்னே வெட்கப்பட்டு இறங்கி வந்துவிட்டான் என்று நினைத்தேன். திரும்பிப் பார்க்காமல் குப்பியைப் பயணக் கலனில் வைத்தேன். வைத்த பிறகுதான் உறைத்தது. பியார்னே எண்களை இரண்டிரண்டாகச் சேர்த்துச் சொல்வான். இந்தக் குரல் ஒவ்வோர் இலக்கமாகச் சொன்னது. எழுத்துக்கூட்டுகிற குழந்தை மாதிரி.

திரும்பினேன். யாரும் இல்லை. கதவு மூடியிருந்தது.

நைட்ரஜன் கசிந்தால் அறையில் பிராணவாயு குறையும். மூளை தடுமாறும். இல்லாதது கேட்கும். சுவரில் இருந்த அளவுமானியைப் பார்த்தேன். 20.9. வெளிக்காற்றில் எவ்வளவோ அவ்வளவு.

3:38. இரண்டாவது எண்ணைப் படித்தேன். வேறு குரல். பதினாறு, பதினேழு வயது இருக்கும். மூக்கடைத்த குரல். எண் சரி.

கதவைத் திறந்து நடைபாதையைப் பார்த்தேன். காலி. மாடியில் கைதட்டினார்கள். யாரோ 'நம்பிக்கை' என்றார்கள். மறுபடி கைதட்டினார்கள்.

அப்போதே நான் போயிருக்கலாம். ஏன் போகவில்லை? பயந்து ஓடிவந்தேன் என்று ப்ரேபெனிடம் சொல்ல வேண்டியிருக்கும். அந்த ஆளின் சிரிப்பை நினைத்தேன். அதைவிடப் பேயே மேல் என்று உள்ளே வந்தேன்.

மூன்றாவது. பதில் வந்தது.

நான்காவது. வந்தது. முதிர்ந்த குரல், கரகரப்பாக.

ஐந்து... ஆறு... ஒவ்வொன்றும் வேறு குரல். ஒவ்வொன்றும் என் வலது தோளுக்குப் பின்னால், சாட்சி நிற்கிற இடத்திலிருந்து.

3:45. ஏழாவது எண்ணைப் படித்தேன்.

பதில் இல்லை.

சரி, தீர்ந்தது என்று மூச்சு விட்டேன். கூடவே எரிச்சல் வந்தது. ஆறு பேர் சொன்னார்கள், இவளுக்கு என்ன? இரண்டாவது தடவை படித்தேன். அதட்டலாக.

3:46. அப்போது சொன்னாள். திடுக்கிட்டு விழித்தவள் மாதிரி, அவசர அவசரமாக.

குப்பியை வைத்தேன்.

எட்டு.

ஒன்பது.

பத்து.



3:51. பதினொன்று. பதினான்கு, பூஜ்யம் ஒன்பது, தொண்ணூற்றெட்டு. ஒன்று, கே, டி, நான்கு.

பதில் இல்லை.

மறுபடி படித்தேன்.

இல்லை.

மூன்றாவது தடவை...

மௌனம்.

மௌனம் எனக்குப் பழக்கம். வீட்டில் நாள்கணக்கில் பேசாமல் இருப்பேன். ஆனால் இது காலி அறையின் மௌனம் இல்லை. வகுப்பில் பெயர் கூப்பிட்டு ஒருத்தி மட்டும் பதில் சொல்லாதபோது மற்றவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார்களே... அது.

பின்னால் பத்துப் பேர்.

திரும்பவில்லை.

சாட்சி சொல்லாத குப்பியை எடுக்கக் கூடாது. விதி. மீண்டும் உறைகலனில் இறக்கினேன்.

மூடினேன். 3:55.

எல்லாரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள். என் கழுத்தில் பட்டது.

வண்டி பத்துக் குப்பிகளோடு போனது. பியார்னே இறங்கி வந்து, கேக் பிசுக்கு ஒட்டிய விரலால் சாட்சிக் கட்டத்தில் பத்துக் கையெழுத்துப் போட்டான். குப்பிகளை அவன் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. பின்னாலேயே ப்ரேபென் வந்தார்.

"பதினொண்ணுன்னு மேடையில சொல்லிட்டேன் போடில்."

"பத்துன்னு மாத்திச் சொல்லிடுங்க."

"ஏன், அதுக்கு என்ன கேடு?"

"சாட்சி இல்ல."

"மத்த பத்துக்கும் இருந்துச்சா?"

இருந்தது என்றேன். பியார்னே தன் காலணியைப் பார்த்துக்கொண்டான்.

திங்கட்கிழமை காகிதக் கோப்புகள் இருக்கும் அறைக்குப் போனேன். பதினோராவது எண்ணின் நடுவில் இருந்த இரண்டு எழுத்துகள் என்னை உறுத்திக்கொண்டிருந்தன. கோப்பு கிடைத்தது. டென்மார்க்குக்கு உட்பட்ட ஃபாரோ தீவுகளைச் சேர்ந்தவள். பெயர் ரன்வா. 2007-இல், ஒன்பது வயதில், எலும்பு மஜ்ஜை சிகிச்சைக்கு இங்கே வந்திருக்கிறாள். தீவுக்காரர்களுக்கு எங்கள் எண் கிடையாது. அதனால் மருத்துவமனை எழுத்து கலந்த ஒரு தற்காலிக எண்ணைக் கொடுத்திருக்கிறது. ஊருக்குப் போனதும் அந்த எண் காலாவதி. கணினி பதிவேட்டில் தேடியது, ஆள் அகப்படவில்லை, இறந்தவள் என்று பட்டியலில் சேர்த்துவிட்டது. எங்கள் எண் இல்லாதவள் உயிரோடு இருக்கக்கூடும் என்று இங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான். எழுத்துகளை வாய்விட்டு மூன்று தடவை படித்தவள் நான்.

தீவின் மருத்துவமனைக்குத் தொலைபேசியில் பேசினேன். ரன்வா உயிரோடு இருந்தாள். இருபத்தைந்து வயது. திருமணம் ஆகியிருந்தது. திசுவைத் திரும்ப வைத்துக்கொள்ள வரும் மார்ச்சில் எங்களிடம் வருவதாக இருந்தாள்.

ப்ரேபெனிடம் சொன்னேன். 'தரவில் ஒரு சிறு விலகல்' என்று ஒரு வரி எழுதி மேலே அனுப்பினார். ஒருத்தியின் பிள்ளைக்கு அந்த ஆள் வைத்த பெயர் அது.

ஜனவரி 9 காலை 10:10-க்கு ரன்வாவே என்னை அழைத்தாள். மார்ச் தேதியை உறுதி செய்யத்தான். விவரம் சரிபார்ப்பதற்காக அவளுடைய பழைய எண்ணைப் படித்தேன். மறுமுனையில் சத்தமே இல்லை. இணைப்பு போய்விட்டதோ என்று நினைத்தேன். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"போன மாசம் எங்க வீட்டு வாசலுக்கு வந்தீங்களா?"

இல்லை, நான் அந்தத் தீவுக்கு வந்ததே இல்லை என்றேன்.

"டிசம்பர் ஏழு. மத்தியானம் ரெண்டு அம்பத்தொண்ணு. உருளைக்கிழங்கு உரிச்சிட்டு இருந்தேன். வாசல்ல ஒரு பொம்பள என் பிறந்த தேதிய டேனிஷ்ல சொல்றா. அப்புறம் ஒண்ணு, கே, டி, நாலு. அது என்னன்னே எனக்குத் தெரியல. ஒரு தபால் உறைமேல எழுதி வெச்சேன். மூணு தடவ கூப்பிட்டா. இதே குரல்."

எங்கள் கடிகாரம் தீவின் கடிகாரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது.

"நீங்க பதில் சொல்லலயா?" என்றேன்.

"எங்க அப்பா கடல்ல முழுகிப் போனவரு. ஆள் தெரியாம கூப்பிட்டா, செத்தவங்கதான் கூப்பிடறாங்கன்னு எங்க வீட்ல யாரும் வாயத் தொறக்க மாட்டோம்." பிறகு அவளே கேட்டாள். "தொறந்திருந்தா?"

மார்ச் தேதியைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

அன்று பிற்பகல் டிசம்பர் படிவத்தை எடுத்துப் பார்த்தேன். ஏழாவது எண்ணின் நடுவிலும் இரண்டு எழுத்துகள்.

அவளும் அதே தீவுக்காரி. மர்யுன். அடுத்த வாரம் ப்ரேபென் மேசைக்கு விசாரித்த பதில் வந்தது. அவள் இப்போது உயிரோடு இல்லை. இறந்தது டிசம்பர் 7, தீவு நேரம் பிற்பகல் மூன்று மணிக்குள். இருதயம் நின்றுவிட்டதாம். வயது முப்பத்தொன்று. நோய் நொடி எதுவும் இல்லை. ப்ரேபென் அதை இரண்டு தடவை படித்தார். முகம் தெளிந்தது.

"வண்டி கெளம்பறதுக்கு முன்னாடியே போயிட்டாளே. அப்போ பட்டியல் சரிதான்."

அந்த மனிதரை என்னவென்று சொல்ல? அவர் வெறும் பட்டியல்தான் போட்டார்.

மர்யுனின் அக்காவிடம் நானே பேசினேன். வருத்தம் தெரிவிக்க என்றுதான் சொல்லிக்கொண்டேன். அக்கா அழவில்லை. தங்கை வேலை முடிந்து பேருந்தில் வந்துகொண்டிருந்தாளாம். ஜன்னலில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாளாம். 2:46-க்குச் சட்டென்று விழித்து ஏதோ சொன்னாளாம், அத்தோடு மறுபடி ஜன்னலில் சாய்ந்தவள் எழவே இல்லையாம். பக்கத்தில் இருந்தவர், யாரோ தொலைபேசியில் கேட்டதற்குப் பதில் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டாராம்.

"என்ன சொன்னாங்களாம்?"

"ஏதோ நம்பர்" என்றாள் அக்கா.