கட்டிலடியில் ஒளித்த விறகு

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளுக்கு நுவரெலியா ஆபீசிலிருந்து ஒரு துரை வந்தார். கையில் ஒரு கட்டுக் கடதாசி. இன்னும் இருபது வருசத்தில் நாட்டிலுள்ள வீடுகளுக்கு எவ்வளவு கரண்ட் வேண்டும் என்று கணக்கெடுக்கிறாராம். மஸ்கெலியாப் பக்கம் தண்ணீரை மறித்துக் கரண்ட் எடுத்தார்கள். கம்பி எங்கள் தலைக்கு மேலேயே போனது. லயத்துக்குள் மண்ணெண்ணெய் விளக்குதான். இருபது வருசம் கிடக்கட்டும், இன்றைக்கு எங்கே என்று அன்றே கேட்டிருக்க வேண்டும்.

எனக்குக் கரண்ட் வேண்டியது வெளிச்சத்துக்கு அல்ல. என் வீட்டுக்காரருக்கு இழுப்பு. ஒரே காம்பரா, அந்த ஒரு அறைக்குள்ளேயே அடுப்பும் படுக்கையும். ஈர விறகு புகைந்தால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வெளி இஸ்தோப்புத் திண்ணையில் போய்க் குந்துவார். புகை ஆகாது என்று தோட்டத்து மருந்து ஐயா சொல்லிவிட்டார். தோட்ட மனேஜர் பங்களாவில் கரண்ட் அடுப்பு இருந்தது. அது போல ஒன்று வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

துரையோடு எங்கள் கணக்கப்பிள்ளையும் வந்து வாசலை அடைத்து நின்றார். விறகுக்கென்று தோட்டம் விட்டது கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சி மட்டுமே. அது மழைக்காலத்துக்குக் காணுமா? எல்லாரும் தோட்டத்துச் சவுக்கு மரத்தில்தான் களவாகக் கை வைத்தோம். பிடிபட்டால் அன்றைய பேரை வெட்டி நாள் சம்பளத்தை இல்லாமலாக்குகிறவர் இந்தக் கணக்கப்பிள்ளை.

"ஒரு நாளைக்கு எவ்வளவு வெறகும்மா?" என்று துரை கேட்டார்.

"ரெண்டு குச்சிங்க."

கட்டிலடியில் சாக்கு போட்டு மூடிய சவுக்குக் கட்டை என் குதிகாலில் இடித்தது.

"நாளைக்கு கரண்ட் வந்தா என்னென்ன சாமான் வேணும்?"

கணக்கப்பிள்ளை சிரித்தார். "இவளுக்கா? ஐஸ் பொட்டி கேப்பா பாருங்க."

எனக்குச் சுருக்கென்றது. "எங்களுக்கு ஒரு கொறையும் இல்லீங்க" என்று சொல்லிவிட்டேன். துரை அதையும் எழுதிக்கொண்டார். அடுத்த காம்பராக்காரி என்னையும் மிஞ்சினாள். "நாங்க அடுப்பே பத்த வைக்கிறதில்லீங்க" என்றாள்.

இரண்டு வருசம் கழித்து ஸ்டாப் உத்தியோகத்தர் வீடுகளுக்குக் கம்பி வந்தது. எங்கள் மரக்கறிப் பாத்திக்குள் தூண் நட்டார்கள். லயத்துக்கு ஒன்றுமில்லை. பஸ் ஏறி நுவரெலியாவுக்குப் போய் அந்தத் துரையைப் பார்த்தேன்.

"நீங்க சொன்னதத்தானே எழுதினேன்? இப்ப எரிக்கிற வெறக வச்சுத்தான் நாளைக்கு எவ்வளவு கரண்ட் வேணும்னு கணக்கு. ரெண்டு குச்சி எரிக்கிற வீட்டுக்கு கரண்ட் அடுப்பு எதுக்கும்மா?"

"கணக்கப்பிள்ளைய வாசல்ல நிப்பாட்டி வச்சு கேட்டா, யாருங்க உண்மைய சொல்லுவா?"

அவர் பேனாவை மூடினார். "அப்ப வெறக தராசுல நிறுத்து எழுதின துண்டுச்சீட்டு கொண்டாங்க, பாப்போம்."

மறுநாள் கொழுந்து நிறுக்கும் நேரம், கூடையில் கொழுந்தோடு போகவில்லை. கட்டிலடி விறகைச் சாக்கோடு கொண்டுபோய்த் தராசில் மாட்டினேன்.

"என்னாது இது?" என்றார் கணக்கப்பிள்ளை.

"எங்க வீட்டு ஒரு நாள் வெறகுங்க."

"தோட்டத்து மரம்!"

"ஆமாங்க. பேர வெட்டுங்க. ஆனா நிறுத்து எழுதிட்டு வெட்டுங்க."

அடுப்பே பற்ற வைக்காதவள் எனக்குப் பின்னால் இரண்டு சாக்கோடு நின்றாள். அவளுக்கும் பின்னால் லயமே நின்றது. கணக்கப்பிள்ளை எல்லாவற்றையும் நிறுத்துத் துண்டு எழுதினார்; அத்தனை பேருக்கும் அன்றைய பேரும் போனது. துண்டுகளைக் கொண்டுபோய்த் துரையின் மேசையில் வைத்தேன்.

கடைசியில் கம்பி வந்தது. காம்பராவுக்கு ஒரு பல்பு. கரண்ட் அடுப்பு போட்டால் கம்பி தாங்காதாம்; லயத்துக்கு அவ்வளவுதான் கணக்காம். நாங்கள் நிறுத்துக் கொடுத்த விறகெல்லாம் அந்த ஒரு பல்புக்குள் எப்படி அடங்கியது என்று இன்றுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

முதல்நாள் சுவிட்சைப் போட்டதும் என் வீட்டுக்காரர் கரி அப்பிய கூரையை அண்ணாந்து பார்த்தார்.

"இம்புட்டு பொகையிலயாடி இத்தன வருசம் படுத்துக் கெடந்தோம்?" என்றார். சிரிக்கப் போனவருக்கு இருமல் பிடித்துக்கொண்டது. எழுந்து இஸ்தோப்புக்குப் போனார். விறகடுப்பில் ராச்சோற்று உலை கொதித்துக்கொண்டிருந்தது. அடுப்பை என்னால் அணைக்கவும் முடியவில்லை.