உலு திராமில் நான் மறைத்த உறவு

ரப்பர் விலை படுத்துவிட்ட இந்த வருஷத்தில் ஜொகூர்த் தோட்டங்களுக்கு யாரும் ஆசைப்பட்டுப் போவதில்லை. நானும் அப்படிப் போகவில்லை. என் அக்கா பேறுகாலத்துக்குச் சிங்கப்பூரில் என் வீட்டுக்கு வந்திருக்கிறாள். அவள் கணவர் உலு திராம் பக்கத்துத் தோட்டமொன்றில் உபதேசியார். மிஷன் அவர் சம்பளத்தை நிறுத்தி எட்டு மாதமாகிறது. இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் கிளார்க் வேலை காலியாயிற்று. திங்கட்கிழமைக்குள் வந்தால் அது அத்தானுக்குத்தான். அழைத்துவரக் கிளம்பினேன். அக்கா மட்டும், "போய்க் கேட்டுப் பாரு" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு பஸ். பாலம் தாண்டி ஜொகூர் பாரு சேர ஏழேகால், கட்டணம் நாற்பது காசு. அங்கிருந்து கோத்தா திங்கி சாலையில் பதின்மூன்று மைல், இருபத்தைந்து காசு. முன் சீட்டுக்கு அடித்துக்கொள்ளாதீர்கள், என்ஜின் சூடு காலைப் பொசுக்கிவிடும். டிரைவர் தமிழர். "தோட்டத்துக்கா? இப்ப அங்க என்னா லா இருக்கு, பாதிப் பேரு ஊருக்குக் கப்பலேறிப் போய்ட்டாங்க" என்றார்.

இறங்கிய இடத்திலிருந்து இரண்டு மைல் செம்மண் பாதையில் நடை. நான் வெள்ளைக் கால்சட்டை போட்டிருந்தேன். நீங்கள் போடாதீர்கள்.

தோட்ட வாசலில் உபதேசியாரைப் பார்க்க வந்ததாகச் சொன்னேன்; கங்காணி, பாவம், மரியாதையாகத்தான் என் பெட்டியை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார். தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் லயத்தின் பின்புறம் போகும்போது, தோளில் கம்பு போட்டு இரண்டு பக்கமும் வாளி தொங்க ஓர் ஆள் எதிரே வந்தார். கக்கூஸ் வாளிகள். கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒதுங்கினேன். அந்த ஆள் கம்பை இறக்கிவிட்டுச் சிரித்தார்.

அத்தான்!

பாளையங்கோட்டையில் வேதபாடம் படித்த மனிதர். என் அக்கா கல்யாணத்தில் வெள்ளை அங்கி போட்டு நின்ற மனிதர்.

கங்காணி என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஐயாவுக்கு இவரு சொந்தமா?"

"இல்ல, எங்க ஊர்க்காரர்" என்றேன். யோசிக்கவே இல்லை, வாய் முந்திக்கொண்டது.

அத்தான் முகம் மாறவில்லை. "ஆமா கங்காணி, ஊர்க்காரருதான்" என்று சொல்லிவிட்டுக் கம்பைத் தூக்கிக்கொண்டார்.

அத்தான் குளித்து வந்த பிறகு அவருடைய லயத்து அறையில் பேசினோம். தோட்டப் பேரேட்டில் பெயர் இல்லாதவர் லயத்தில் தங்கக் கூடாது என்று துரை சொல்லிவிட்டாராம். ஆட்களையே குறைத்துக்கொண்டிருந்த நேரத்தில், யாரும் வராத ஒரே வேலை இதுதான்.

"செபக்கூட்டம் நடக்கணும்னா தோட்டத்துக்குள்ள இருக்கிற ஆள் ஒருத்தன் பொறுப்பு ஏத்துக்கணும். நான் போய்ட்டா அது நின்னுடும் தம்பி. பதினோரு குடும்பம். வேலையை எடுத்தேன்."

"வெக்கமா இல்லையா அத்தான்?"

"மொத வாரம் இருந்துச்சு. ரெண்டு வீட்டுக்காரங்க என் கையால பாட்டுப் புத்தகம் வாங்க மாட்டேன்னாங்க. அது வலிச்சுச்சு. வலிக்கும், ஆனா வெக்கப்பட ஒண்ணுமில்ல."

பள்ளிக்கூடத்து வேலைக் கடிதத்தை எடுத்து நீட்டினேன். படித்தார். நன்றாக மடித்து என்னிடமே கொடுத்தார்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஆராதனை, ரப்பர் ஷீட் உலர்த்திவந்த பழைய புகைக்கூடத்தில். யாரும் வருவதற்கு முன்பே அத்தான் பாட்டுப் புத்தகங்களைப் பெஞ்சில் அடுக்கிவிட்டு நாலடி தள்ளிப் போய் நின்றார். வந்தவர்கள் தாங்களே எடுத்துக்கொண்டார்கள். அந்த இரண்டு வீட்டாரும் எடுத்தார்கள். அவர்கள் வருவதற்காகவே இந்த ஏற்பாடு என்று எனக்குப் பிறகுதான் உறைத்தது. பாட்டு முடிந்ததும், "நம்ம ஊர்க்காரர் ஒருத்தர் வந்திருக்காங்க" என்று என்னை அறிமுகப்படுத்தினார். என் பொய்யை எனக்காகச் சபை நடுவிலும் காப்பாற்றினார். எழுந்து திருத்தியிருக்கலாம். தலையாட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டேன்.

பகல் ஒரு மணி வண்டியில் தனியாகத் திரும்பினேன். அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை. வீட்டுக்கு வந்து தட்டுத் தடுமாறிச் சொன்னதும் அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"எனக்குத் தெரியும்டா. மொத நாள்லேருந்தே தெரியும். உனக்குச் சொல்ல வேண்டாம்னு அவருதான் சொன்னாரு. நீ தாங்க மாட்டியாம்."

அவர் தன் வேலையை மறைக்கவில்லை. என்னிடமிருந்து மட்டும் மறைத்தார், அதுவும் எனக்காக. நான் அவரையே மறைத்தேன்.

போகிறவர்களுக்கு: கறுப்புக் கால்சட்டை, குடை, அட்டை கடிக்காமலிருக்கப் புகையிலைத் தண்ணீர். உபதேசியார் வீட்டில் அரிசி குறைவு, இரண்டு கட்டி, ஏறக்குறைய மூன்று ராத்தல், கையோடு கொண்டு போங்கள். வாசலில் யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று கங்காணி கேட்பார். வருகிற சனிக்கிழமை நான் மறுபடி போகிறேன், அவர் கேட்காவிட்டாலும் சொல்லப் போகிறேன்: வாளி தூக்குகிறாரே, அவர் என் அக்கா புருஷன்.