யானையைக் கணக்கில் சேர்க்காத மூலை

பாலக்காட்டு நகரசபை எல்லைக்குள், பஸ் ஓடும் சாலைக்குப் பக்கத்திலேயே இருந்துகொண்டு, எங்கள் தெருவை நாங்கள் கிராமம் என்றுதான் சொல்லிக்கொள்வோம். வரி ரசீதில் வார்டு, பேச்சில் கிராமம். ஒரு வீட்டின் சுவர்தான் அடுத்த வீட்டுக்கும் சுவர் என்பதால், ஓர் அடுக்களையில் மிளகாய் தாளித்தால் அடுத்த வீட்டுக் கூடத்தில் தும்முவார்கள். எழுபதுகளில் நான் அதே நகரசபையில் மராமத்துப் பிரிவு குமாஸ்தா. தெருவுக்கு வேண்டியதெல்லாம் என் மேஜை வழியாகத்தான் போனது. போனது என்பதைவிட, கொஞ்சம் நின்று போனது என்று சொல்வதே சரி.

தேர் திரும்பும் மூலையில் ஒரு மாமி தனியாக இருந்தார். கிணறு வற்றியதிலிருந்து படி இறங்கி ஆற்றுக்கு, எங்கள் பேச்சில் புழைக்கு, போய்க் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தார். அவருடைய முழங்கால் அதற்கு ஒத்துழைக்கவில்லை. பம்பாயிலிருந்த மகன், வீட்டைப் பூட்டிவிட்டுத் தன்னோடு வந்து இருக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். மாமிக்கு அது பிடிக்கவில்லை. பம்பாயில் குழாய் இருக்கிறது, பேச ஆள் இல்லை என்பது அவர் வாதம். வாசலில் ஒரு பொதுக்குழாய் வந்தால் இங்கேயே இருப்பது, வராவிட்டால் போவது என்று பேச்சு முடிந்திருந்தது.

குழாய்க்கு அனுமதி வாங்கினேன். அபேட்சை என்று நாங்கள் சொல்லும் விண்ணப்பம், ஓவர்சியரின் ரிப்போர்ட், எஸ்டிமேட், கவுன்சில் கூட்டம், ஒத்திவைத்த கூட்டம், மறுபடி கூட்டம் என்று எல்லாப் படியும் ஏறி அது வந்து சேர்ந்தது. எங்கே நடுவது என்று தெரு கூடி யோசித்தது. எங்கள் தெருவில் படிப்புக்குக் குறைவில்லை. ரிடயரான ரயில்வே இன்ஜினீயர் ஒருவர், ஆடிட்டர்கள் பலர். தேர் நிலையில் நின்றபோது அதன் அகலத்தைக் கயிறு போட்டு அளந்தார்கள். அது ஆடும் ஆட்டத்துக்கும் இடம் விட்டார்கள். சக்கரம் திரும்பும் வளைவைச் சுண்ணாம்பால் கோடு போட்டார்கள். கோட்டுக்கு வெளியே, மாமி வீட்டு ஓரமாக, கருங்கல் தூணில் குழாய் எழுந்தது.

எங்கள் தேரை முன்னால் மனிதர்கள் வடம் பிடித்து இழுப்பார்கள். பின்னால் யானை நெற்றி கொடுத்துத் தள்ளும். மூலை வந்தால் அது ஒரு பக்கமாக ஒதுங்கிச் சாய்ந்து தள்ளும். இதைப் பிறந்ததிலிருந்து வருஷாவருஷம் பார்த்தவர்கள்தான் அளந்தார்கள். ஆனால் யானை வெளியூரிலிருந்து வாடகைக்கு வருவது. தெருக் கணக்கு எதிலும் அதைச் சேர்க்கும் வழக்கம் இல்லை.

தேரன்று சாயங்காலம் தேர் மூலைக்கு வந்தது. முட்டுக்கட்டை போட்டு நிறுத்தினார்கள். யானை வழக்கமான இடத்துக்கு வந்து பார்த்தது. அங்கே குழாய் நின்றது. அது தும்பிக்கையால் தூணைத் தடவிவிட்டு, மேலதிகாரி ஃபைலைத் திருப்பி அனுப்புவதுபோலத் திரும்பிக்கொண்டது. பாகன் எவ்வளவு சொல்லியும் நகரவில்லை.

உற்சவக் கமிட்டிச் செயலாளர் கடப்பாரை கொண்டுவரச் சொன்னார். மாமி குடத்தோடு வந்து தூணில் சாய்ந்து நின்றார்.

"மாமி, செத்தத் தள்ளி நில்லுங்கோ. தேர் போகட்டும், ரெண்டே நாள்ல திரும்ப நட்டுடலாம்."

"அந்த ரெண்டு நாளும் புழையிலேர்ந்து நீங்க சுமந்துண்டு வந்து தருவேளா?"

சிரிப்பு எழுந்தது. செயலாளர் என்னைப் பார்த்தார். மாமியும் என் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"நீ முனிசிபாலிட்டி ஆளாக்கும். சொல்லு, பிடுங்கினா எப்போ திரும்பி வரும்?"

எனக்குத் தெரிந்த உண்மையைச் சொன்னேன். பிடுங்கிய குழாய் சேதமான சாமான் ஆகிவிடும். மறுபடி நடுவதற்கு முதலிலிருந்து அபேட்சை, ரிப்போர்ட், எஸ்டிமேட், கூட்டம். உத்தரவில்லாமல் பிடுங்கியவர் யார் என்று ஒரு விசாரணையும் நடக்கும், அதற்குத் தனி ஃபைல் திறப்பார்கள் என்றேன். கடப்பாரை வைத்திருந்தவர் அதைச் சுவரில் சாய்த்துவிட்டார்.

"தேரைத் திருப்பறதுக்கு ஏதாவது உத்தரவு வேணுமா?" என்று மாமி கேட்டார்.

"வேண்டாம் மாமி."

"அப்புறம் என்ன? யானைக்கு இடம் இல்லை, மனுஷாளுக்கு இருக்கோன்னோ. தோள் கொடுங்கோளேன்."

இடம் இருந்தது. ரயில்வே இன்ஜினீயர் சட்டையைக் கழற்றினார். அவருக்கு அப்படி ஓர் உடம்பு இருந்ததே எங்களுக்கு அன்றுதான் தெரியும். நெம்புக்கட்டைகள் சக்கரத்தின் கீழே போயின. ஆடிட்டர்களும், சமையல்காரர்களும், வடத்தை விட்டு வந்தவர்களும் தேரில் தோளை முட்டினோம். முதல் தள்ளலில் அசையவில்லை. இரண்டாவதில் கிரீச்சென்றது. யார் சத்தம் கொடுப்பது என்பதில் ஒரு சின்னச் சண்டை வந்தது. அதை மாமியே ஏற்றுக்கொண்டார். அவர் குரலுக்குத் தள்ளினோம், நிறுத்தினோம், மறுபடி தள்ளினோம். யானை சற்று தள்ளி நின்று பனம்பட்டை தின்றபடி எங்களைக் கவனித்தது. இருட்டுவதற்குள் தேர் திரும்பிவிட்டது. தோளில் தோல் உரிந்தவர்கள் வரிசையில் நின்று அந்தக் குழாயிலேயே கழுவிக்கொண்டார்கள்.

அடுத்த வருஷம் குழாயைத் தள்ளி வைக்கலாமா என்று ஒருவரும் கேட்கவில்லை. மூலை வந்ததும் யானையை ஓய்வுக்கு அனுப்பிவிட்டு நாங்களே தோள் கொடுத்தோம். அதற்கடுத்த வருஷமும் அப்படியே. சமீபத்தில் மைக் பிடித்த ஒருவர், இந்த மூலையில் யானை ஒதுங்கிக்கொள்வதும் பக்தர்கள் தள்ளுவதும் பல நூற்றாண்டு வழக்கம் என்று வெளியூர்க்காரர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். நான் குழாயடியில்தான் நின்றிருந்தேன். என்னிடம் யாரும் விளக்கம் கேட்கவில்லை. கேட்காத விளக்கத்தைக் கொடுப்பது நடைமுறையில் இல்லை.

மாமி கடைசிவரை அந்த வீட்டில்தான் இருந்தார். குழாய் இப்போதும் இருக்கிறது. திருகு தேய்ந்து ஓயாமல் சொட்டுகிறது. அதற்கு அபேட்சை கொடுத்திருக்கிறேன். சரி செய்யும்வரை கொடுத்துக்கொண்டே இருப்பேன்.