இரண்டு பால்கனிக்கு நடுவே ஒரு சுவர்

எங்கள் மஹல்லா ஊரில் அத்தியாத் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. "காஜா அத்தியாத்" என்றால் வீடு வரை கொண்டுவந்து விடுவார்கள். சட்டைக் கம்பெனியில் பொத்தான் துளை போடும் காஜா மெஷினிலேயே அவள் வயசு போயிற்று. நான் அடுத்த மெஷின். குடியிருப்பதும் ஒரே கட்டடம். என்னை உம்மு ஹானி என்பார்கள். வாய் கொஞ்சம் நீளம் என்றும் சொல்வார்கள்.

அவளுடைய அப்பா ரயில்வேயில் சிக்னல் வேலை பார்த்தவர். அவர் செத்த பிறகு, கல்யாணமாகாத மகள் என்று அவளுக்குப் பென்ஷன் வந்தது. தாயில்லாத அவளை வளர்த்த சித்தி இரண்டு கண்ணும் போய் மூலையில் கிடந்தாள். கம்பெனிச் சம்பளம் வாடகைக்கும் ரொட்டிக்கும் சரி. சித்தியின் மருந்துக்குப் பென்ஷன்தான்.

கல்யாணத்தைப் பதிந்தால் பென்ஷன் நின்றுபோகும். அதனால் எங்கள் பக்கத்தில் எத்தனையோ பெண்கள் செய்வதைத்தான் அவளும் செய்தாள். நாற்பதை நெருங்கும்போது, மில் காவலாளி பயூமியை, ஒரு ஷேக்கையும் இரண்டு சாட்சியையும் வைத்து வீட்டுக்குள்ளேயே கட்டிக்கொண்டாள். பயூமி மனைவியை இழந்தவர், வளர்ந்த மகன்கள் உண்டு. இந்தக் கல்யாணம் தெருவுக்கே தெரியும், சர்க்காருக்கு மட்டும் தெரியாது.

வருஷா வருஷம் பென்ஷன் ஆபீசுக்குப் போய் நிற்க வேண்டும். துணைக்கு நான் போவேன்.

"கல்யாணம் ஏதாவது ஆச்சாம்மா?" என்பான் குமாஸ்தா.

"இல்ல, உஸ்தாஸ்."

"அடுத்த வருஷமாவது நல்ல சேதியோட வாங்க."

இந்த ஒரு ஜோக்கைத் தவிர அவனுக்கு வேறு தெரியாது. கண்ணைக்கூட இமைக்காமல் பொய் சொல்லிவிட்டு வெளியே வந்து எனக்குக் கரும்புச்சாறு வாங்கித் தருவாள் அத்தியாத்.

அவளுக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. பயூமியோடு மர்ஸா மத்ரூஹ் போய் ஒரு நாளாவது கடலோரம் தங்க வேண்டும். "தேன் மாசம்னு சொல்றாங்களே, எனக்கு மாசமெல்லாம் வேணாம் உம்மு ஹானி, ஒரு கரண்டி போதும்" என்பாள். ஆனால் எந்த ஹோட்டலில் நிக்காஹ் பத்திரமில்லாமல் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அறை கொடுப்பார்கள்? நரைத்த தலையென்றாலும் கேட்பார்கள். வருஷங்கள் அப்படியே போயின. பயூமிக்கு மாடி ஏறினால் மூச்சு வாங்க ஆரம்பித்தபோதுதான் அவள் பயந்துபோய், "இந்தக் கோடையில போகலேன்னா எப்பவும் போக மாட்டோம்" என்று என்னை இழுத்துக்கொண்டு டிராவல்ஸுக்குப் போனாள்.

ஸ்டேஷன் பக்கம் ஜூஸ் கடைக்கு மேலே வக்தியின் ஆபீஸ். மலிவாகக் கூட்டிப்போகிறவர் என்று பெயர்.

"புதுசாக் கல்யாணம் ஆனவங்களுக்குத் தனி ரேட்டு இருக்கு" என்றார். "யாருக்கு? மகளுக்கா?"

"எனக்குத்தான்" என்றாள் அத்தியாத். முகம் சிவந்துவிட்டது.

"மப்ரூக், நல்லா இருங்க. பத்திரம் கொண்டாந்தீங்களா?"

நான்தான் சொன்னேன்: "பத்திரமெல்லாம் இல்ல உஸ்தாஸ். அப்பா பென்ஷன் இருக்கு."

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "எங்க வீட்டுலயும் ஒருத்தி இப்படித்தான் இருக்கா" என்றார். கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்தார். "ஒண்ணு பண்ணலாம். குரூப்பா வாங்க. பொம்பளைங்க ஒரு ரூம், ஆம்பளைங்க ஒரு ரூம். யாரும் எதுவும் கேக்க மாட்டான், செலவும் பாதிதான்."

"அப்ப அவரு ஒரு ரூம், நான் ஒரு ரூமா?"

"பொறுங்கம்மா. பக்கத்துப் பக்கத்து ரூமா கேட்டு வாங்கித் தரேன். ரெண்டு பால்கனிக்கும் நடுவுல இடுப்பு உயரத்துக்கு ஒரு சுவருதான். கடலைப் பார்த்துக்கிட்டு பேசிக்கிட்டே இருக்கலாம்."

"தேன் மாசத்துக்குச் சுவரு கட்டின முதல் ஆளு நீங்கதான்" என்றேன். வக்தி சிரிக்கவில்லை. அத்தியாத், "சுவரு இருந்தா என்ன, கை எட்டும்ல?" என்று மட்டும் கேட்டாள்.

சித்தியை என் மகளிடம் ஒப்படைத்துவிட்டுப் புறப்பட்டோம். பஸ்ஸிலும் வக்தி அவர்களைப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைக்கவில்லை. பார்க்கிறவர்களுக்குச் சந்தேகம் வேண்டாம் என்று பயூமியை முன்னால் உட்கார்த்தினார். அவர் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தார். "கழுத்து சுளுக்கிக்கும், ஹாஜ்" என்று நான் கத்தினேன். அவர் ஹஜ்ஜுக்குப் போனவர் இல்லை; மரியாதைக்குச் சொன்னேன்.

வக்தி சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். பால்கனி ஒட்டியே இருந்தது. சாயங்காலம் அத்தியாத் மண்ணெண்ணெய் அடுப்பைப் பற்றவைத்துப் புதினா போட்ட தேநீர் காய்ச்சி, டம்ளரைச் சுவருக்கு மேலே நீட்டினாள். அவர் டம்ளரை வாங்காமல் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"சுடுதுய்யா, விடுங்க."

"சுடட்டும்."

"ஜனங்க பாக்கறாங்க."

"கடலைத்தான் பாக்கறாங்க. உன்னை எவன் பாக்கறான்?"

நான் உள்ளே போய்ப் படுக்கையில் உட்கார்ந்துகொண்டேன். அவர்கள் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதே இல்லை. சந்தோஷமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் வந்தது. ஊரறிந்த புருஷன் பெண்டாட்டி, ஒரு சுவரைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

காலையில் அவள் தேநீர் போட்டுவிட்டுக் கரண்டியால் சுவரைத் தட்டினாள். பதில் இல்லை. இன்னொரு முறை தட்டினாள். பிறகு அதே அறையில் தங்கியிருந்த வக்தியின் குரல் கேட்டது. "ஹாஜ், ஹாஜ்" என்று எழுப்பிக்கொண்டிருந்தார். அத்தியாத் சுவரில் ஏறப் பார்த்தாள். நான் இடுப்பைப் பிடித்து இழுத்தேன். இழுத்ததற்கு இன்றைக்கும் என் கை எனக்கு வெறுப்பாக இருக்கிறது, ஆனால் அந்த நேரத்தில் வேறு என்ன செய்வது?

ஹோட்டலில் சாவு என்றால் போலீஸ் வரும். வந்த அதிகாரி சின்ன வயசு, கெட்டவனில்லை. வராந்தாத் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்த அவளிடம் குனிந்து கேட்டான்.

"நீங்க இவருக்கு என்ன வேணும்மா?"

அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் எல்லாம் இருந்தது. "பெண்டாட்டி" என்று சொன்னால் அது எழுத்தில் ஏறும். பென்ஷன் நிற்கும், இத்தனை வருஷம் வாங்கியதைத் திருப்பிக் கேட்பார்கள், கட்ட முடியாவிட்டால் ஜெயில். மூலையில் சித்தி கிடக்கிறாள். 

"ஒறவு ஒண்ணும் இல்ல" என்றாள் அத்தியாத். "ஒரே பஸ்ஸுல வந்தோம்."

"அதுக்கா இப்படி அழறீங்க?"

"நல்ல மனுஷன்யா" என்றேன் நான். "எங்க பையெல்லாம் அவருதான் தூக்கினாரு."

மதியத்துக்கு மேல் மகன்கள் வந்தார்கள். மூத்தவன் அவளைப் பார்த்தான், அடையாளம் தெரிந்தது, முகத்தைத் திருப்பிக்கொண்டான். வேனில் ஏற்றும்போது அவள் ஹோட்டல் வாசலில் மற்ற பயணிகளோடு நின்றாள். எங்கள் பஸ் ஊர் வந்து சேர்வதற்குள் மண் போட்டு முடித்துவிட்டார்கள். துக்கத்துக்கு மகன் வீட்டில் பெண்கள் பக்கம் கதவோரத்தில் அக்கம்பக்கத்து ஆளாக உட்கார்ந்து, கசப்புக் காபி குடித்துவிட்டு, "அல்லா உங்களுக்குப் பொறுமையைத் தரட்டும்" என்று அந்த மருமகளுக்கே ஆறுதல் சொல்லிவிட்டு வந்தாள். அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

விதவை வீட்டுக்குள் இருக்க வேண்டிய காலம் அது. அவள் மெஷினுக்கு வந்தாள். எதற்காக லீவு என்று கேட்டால் என்ன சொல்வாள்?

அந்தக் காலம் முடியுமுன்பே பென்ஷன் ஆபீஸ் தேதியும் வந்தது. வழக்கம்போல நானும் போனேன். அதே குமாஸ்தா.

"கல்யாணம் ஏதாவது ஆச்சாம்மா?"

எல்லா வருஷமும் பொய். இந்த வருஷம்தான், புருஷன் இல்லை என்று பொய்யில்லாமல் சொல்லலாம். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"இல்லன்னு எழுதிக்கப்பா" என்றேன் நான்.

எழுதிக்கொண்டான். தலையை நிமிர்த்தாமலே சொன்னான்: "அடுத்த வருஷமாவது நல்ல சேதியோட வாங்க."

"வந்துட்டுப் போயிடுச்சு" என்றாள் அத்தியாத்.

அவன் காதில் விழவில்லை. அடுத்த ஆளைக் கூப்பிட்டான்.