அண்ணிக்கு ஒரு சுற்று

கெட்டியான புடிங் மாவைக் கிண்டும்போது குண்டானை யாராவது ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் கரண்டியோடு குண்டானும் சேர்ந்து சுற்றும். எங்கள் வீட்டில் பிடித்துக்கொண்டவள் அண்ணி. சிமெண்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இரண்டு கையாலும் குண்டானை இறுக்கிப் பிடித்திருப்பாள். காபிப் பழம் பறித்துப் பறித்துக் கறுத்துப்போன விரல்கள், எத்தனை தேய்த்தாலும் கறை போகாது. டிசம்பர் பிறந்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது நட்சத்திர விளக்கும் இல்லை, குடிலும் இல்லை. அந்தக் கைகள்தான்.

அப்பா ஏற்காட்டில் ஒரு எஸ்டேட் பங்களாவில் சமையல்காரராக இருந்தார். பங்களாவில் செய்த கிறிஸ்துமஸ் புடிங்கை அப்படியே எங்கள் வீட்டுக்கும் கொண்டுவந்து சேர்த்தவர் அவர்தான். அதில் ஊற்றுகிற பிராந்தியை மட்டும் அம்மா வாசற்படி தாண்ட விடவில்லை. அதற்குப் பதில் எங்கள் புடிங்கில் காபி டிக்காஷன். உலர்ந்த திராட்சை, பேரீச்சை, பாகில் வேகவைத்த ஆரஞ்சுத் தோல், ரொட்டித் தூள், வெல்லம், வெண்ணெய், முட்டை, பட்டை, கிராம்பு எல்லாம் ஒன்றாகச் சேர்ந்ததும், மாவு தடவிய வெள்ளைத் துணியில் மூட்டையாகக் கட்டிக் கொதிக்கிற தண்ணீரில் இறக்கிவிடுவோம். ஐந்து மணி நேரம் வேக வேண்டும். கட்டுவதற்கு முன்னால்தான் அந்தச் சுற்று. வீட்டில் ஒவ்வொருத்தர் பேருக்கும் மாவை ஒரு சுற்றுக் கிண்டணும். கிழக்கே ஆரம்பித்து மேற்கே முடிக்கணும், மூன்று ராஜாக்கள் பாலன் இயேசுவைத் தேடி வந்த திசை அது. "ஊட்டு ஆளுக ஒருத்தரும் உட்டுப்போகக் கூடாது சாமி" என்று அம்மா வருசா வருசம் சொல்வாள். பக்கத்திலேயே நின்று எண்ணுவாள்.

அந்தக் கணக்கில் அம்மா கறார். நான் சேலத்துக்குக் கல்யாணமாகிப் போன பிறகு என் வீட்டுக்காரருக்கும் ஒரு சுற்று சேர்ந்தது. மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுத்து எடுத்து, இனிமேல் செத்தாலும் ஏற மாட்டேன் என்று சொன்ன மனுசன் அவர். அந்தப் புடிங்கை ஒருநாளும் வாயில் வைத்ததில்லை. அவருக்கும் உண்டு. அப்பா இறந்த பிறகும் அப்பா பேருக்கு ஒன்று, அதைக் கண்ணைத் துடைத்துக்கொண்டே அம்மா சுற்றுவாள். அண்ணனுக்கு மகள் பிறந்தபோது, நாற்பது நாள் குழந்தையின் கையைக் கரண்டியில் வைத்து அம்மாவே அழுத்திச் சுற்றினாள். நாங்கள் எல்லாரும் கைதட்டினோம். அப்போதும் குண்டானைப் பிடித்திருந்தவள் அண்ணிதான்.

அண்ணி வெள்ளக்கடைப் பக்கம், தோட்டத்தில் கூலி வேலை செய்யும் குடும்பம். கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால் ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டாள். அம்மாவைக் கொடுமைக்காரி என்று நான் சொல்ல மாட்டேன், அது பொய். பண்டிகைக்கு அண்ணிக்கும் புதுச் சேலை வந்தது, அண்ணிக்கும் அதே பந்தியில் சோறு. ஆனால் பறிப்புக் காலத்தில் சனிக்கிழமை வரைக்கும் சரிவில் நின்றுவிட்டு, ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் பழம் நறுக்க உட்காருபவளும் அவள்தான். தண்ணீர் தூக்குவது, விறகு தள்ளுவது, துணி அலசுவது எல்லாம் அவள். யாரும் செய்யச் சொன்னதில்லை. வேண்டாம் என்றும் யாரும் சொன்னதில்லை. நான் சேலத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கி, "அப்பாடா, என்ன குளிர்!" என்று அடுப்பருகே குந்திக்கொள்வேன். அண்ணி காபி கொண்டுவந்து கொடுப்பாள்.

அண்ணி வந்து பன்னிரண்டாவது வருசமோ பதிமூன்றாவதோ, அவளுக்குக் கடுமையான காய்ச்சல். முன்னறைக் கட்டிலில் கம்பளியைப் போர்த்திப் படுத்திருந்தாள். குண்டானைப் பிடிக்க நான் உட்கார்ந்தேன். அம்மாடி, அது லேசான வேலை இல்லை. இரண்டு பேர் கிண்டி முடிப்பதற்குள் மணிக்கட்டு விண்ணென்று தெறித்தது. அம்மா தன் சுற்றைச் சுற்றினாள், அப்பாவுடையதைச் சுற்றினாள். அண்ணன் வந்தான், மகள் வந்தாள். என் வீட்டுக்காரர் பேருக்கும் ஆயிற்று. பிறகு அம்மா என் தோளைத் தட்டி, "ஏ கண்ணு, உன்னோடத நீயே சுத்து. நகரு, நா புடிச்சுக்கறேன்" என்றாள். நான் எழுந்தேன், அம்மா உட்கார்ந்து பிடித்தாள், நான் சுற்றினேன். அவ்வளவுதான் வேலை. ஒருத்தர் எழுந்து ஒருத்தர் உட்கார்ந்தால் முடிந்தது. "ஆச்சு, துணியக் கொண்டா" என்றாள் அம்மா.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வருசத்தில் அண்ணியைப் பார்த்து யாரும், நகரு நான் பிடிக்கிறேன் என்று சொன்னதில்லை. செத்துப்போன அப்பாவுக்கு உண்டு, மலையேறாத மாப்பிள்ளைக்கு உண்டு, இவளுக்கு இல்லை. அம்மா வேண்டுமென்றே விட்டாளா, கண்ணில் படவே இல்லையா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. எது மோசம் என்றும் சொல்லத் தெரியவில்லை. நான் திரும்பி முன்னறையைப் பார்த்தேன். கதவு திறந்துதான் இருந்தது. அண்ணி கண் விழித்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மா, அண்ணிக்கு ஒண்ணு" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? என் வாயில் கொழுக்கட்டையா இருந்தது? அம்மா முகத்தைச் சுளிப்பாளோ, பண்டிகை நேரத்தில் பேச்சு வளர்ந்தால் பஸ் போய்விடுமோ என்று கணக்குப் போட்டேன். துணியை எடுக்கப் போனேன். அடுத்த வருசம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அடுத்த வருசமும் அதையேதான் நினைத்தேன். அப்படியே வருசங்கள் ஓடின, வெட்கமாக இருக்கிறது.

பிறகு அம்மாவுக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது. மூன்று வருசம் படுக்கை. மாதத்துக்கு ஒருமுறை நான் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வருவேன். அண்ணிதான் புரட்டிப் போட்டாள், துடைத்தாள், ஊட்டினாள். அந்த மூன்று டிசம்பரும் வீட்டில் புடிங் இல்லை. போன தவக்காலத்தில் அம்மா போய்ச் சேர்ந்தாள்.

இந்த வருசம் எப்படியும் செய்வது, அண்ணிதான் முதல் சுற்று என்று முடிவு கட்டிக்கொண்டு கிளம்பினேன். ஒண்டிக்கடை ஸ்டாப்பில் இறங்கித் திராட்சையும் பேரீச்சையும் வாங்கிக்கொண்டு நடந்தேன். முன்பு ஓடி ஏறிய மேட்டில் மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்தது. அண்ணன் லோடு ஏற்றிக்கொண்டு லாரியில் போயிருந்தான். அவன் மகள் கோயமுத்தூரில் வேலையில். நாங்கள் இரண்டு பேர் மட்டும். பனி இறங்கி மத்தியானமே மங்கலாகக் கிடந்தது. நறுக்கிக் கலந்து முடித்தபோது அண்ணி வழக்கம்போலக் குண்டானுக்கு முன்னால் உட்காரப் போனாள்.

"இருங்க அண்ணி, நா புடிக்கறேன். இந்தாங்க, மொதல்ல நீங்க சுத்துங்க" என்று கரண்டியை நீட்டினேன்.

அண்ணி கரண்டியைப் பார்த்தாள், வாங்கவில்லை. வலது கையைத் தூக்கிக் காட்டினாள். இடுப்புக்கு மேலே அது எழவில்லை.

"மூணு வருசம் அத்தையப் பொரட்டிப் பொரட்டித் தோளு உட்டுப்போச்சுங்க. தலை சீவறதே எடது கையிலதான். இந்த மாவையெல்லாம் எங்கீங்க கிண்டறது."

பழத்தையெல்லாம் இடது கையால் நறுக்கியிருக்கிறாள். எதிரில் உட்கார்ந்திருந்த எனக்கு அதுவும் தெரியவில்லை. அந்தக் காய்ச்சல் வருசத்தைச் சொன்னேன். நான் பார்த்தேன், புரிந்தும் வாயைத் திறக்கவில்லை, மன்னிச்சுக்குங்க அண்ணி என்றேன். ஒப்புக்குக் கூட "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்று அவள் சொல்லவில்லை.

"தெரியுமுங்க. கட்டல்ல கெடந்து பாத்துட்டுத்தான இருந்தேன். நீங்க திரும்பிப் பாத்தீங்க. செரி, நீங்களாச்சும் சொல்லுவீங்கன்னு நொம்ப நேரம் பாத்துட்டே இருந்தேனுங்க."

கோபமே இல்லை அந்தக் குரலில். கோபம் இருந்திருந்தால் தேவலை. நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மாவு இறுகிவிடும் என்றாள் அண்ணி. பிறகு, "அவிங்க அவிங்க பேரச் சொல்லி நீங்களே சுத்திடுங்க. வராதவங்களுக்கு ஒண்ணு சுத்துவீங்கல்லங்க, அந்த மாதிரி எனக்கும் ஒண்ணு சுத்திடுங்க" என்றாள்.

குண்டானை இடது கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டு, என் முழங்காலில் முழங்கால் இடிக்கிற அளவுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். கரண்டியைக் கிழக்கே வைத்து, வராதவர்களுக்குச் சுற்றுவதுபோல அண்ணிக்கு ஒன்று சுற்றினேன்.