செருப்பைக் கழற்றி வைத்த பாறை

எங்கள் போட்டோ குழுவில் அந்த இடத்துக்கு 'மலைமுகடு' என்று பெயர் வைத்திருந்தார்கள். மலையும் கிடையாது, முகடும் கிடையாது. மாமல்லபுரத்துக்குக் கொஞ்சம் வடக்கே, சவுக்குத் தோப்பைத் தாண்டினால் கடலுக்குள் தலையை நீட்டிக்கொண்டு கிடக்கும் ஒரு பாறைக் கூட்டம், அவ்வளவுதான். கரைப் பக்கம் சரிவாக ஏறும். கடல் பக்கம் இரண்டு மாடி உயரத்துக்குச் செங்குத்தாக இறங்கும். வெளிநாட்டுக்காரர்கள் எடுத்த படங்களைப் பார்த்துப் பார்த்து ஏங்கிப்போனவர்களுக்கு அதுவே பெரிசு. எனக்கும் அப்படித்தான்.

கேமராவை நான் கையில் எடுத்தது வேலை போன பிறகு. கம்பெனியில் எங்கள் கணக்குப் பிரிவையே மூடிவிட்டார்கள். கல்யாணத்துக்கு முன்னாலிருந்து பார்த்த வேலை. அதன் பிறகு கேளம்பாக்கம் ஃபிளாட்டில் நாள் முழுக்க நானும் சுவரும்தான். என் கணவருக்கு மதுராந்தகத்தில் ஆபீஸ். வாரமெல்லாம் பஸ்ஸில் அல்லாடிவிட்டு ஞாயிற்றுக்கிழமைதான் தூங்குவார். அவர் தூங்கும்போதே இருட்டோடு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கோவளம் வழியாகக் கடற்கரைச் சாலைக்குப் போய்விடுவேன். திரும்பி வரும்போதும் தூங்கிக்கொண்டுதான் இருப்பார். பெண்டாட்டி இருட்டில் எங்கே போகிறாள் என்ற கவலைகூட இல்லாமல் எப்படித்தான் தூக்கம் வருகிறதோ என்று எனக்கு உள்ளூர எரியும்.

அன்றைக்கு மார்கழிப் பனி சவுக்கு மரங்களின் பாதி உயரம் வரை நின்றது. ஸ்கூட்டரைத் தோப்பு ஓரத்தில் விட்டுவிட்டு மணலில் நடந்தேன். பாறைக்கு அடியில் செருப்பைக் கழற்றி ஜோடியாக வைத்தேன். ஈரப் பாறையில் வெறுங்கால்தான் பிடிக்கும். காற்றில் பறந்து லென்ஸை மறைக்கும் என்று துப்பட்டாவை எடுத்து மடித்து வைத்து, அது பறந்துவிடாமல் இருக்கக் கைப்பையை அதன் மேல் வைத்தேன். செல்போன் பைக்குள். கடலில் விழுந்தால் கேமரா ஒன்று போனால் போதாதா, போனும் சேர்ந்து போக வேண்டுமா என்ற கெட்டிக்காரத்தனம். கேமராவைக் கழுத்தில் மாட்டி, ட்ரைபாடைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஏறினேன்.

எனக்குப் பிடித்தது ஷட்டரை நீண்ட நேரம் திறந்து வைத்து எடுக்கும் படம். அலையெல்லாம் கரைந்து புகை மாதிரி வரும். ஒன்று எடுப்பேன், சரியாக வராது. மறுபடி விளிம்பில் அசையாமல் நின்று கடலையே பார்த்துக்கொண்டிருப்பேன். அந்த நேரத்தில் மனசில் ஒன்றுமே இருக்காது. கீழே ஒரு மீன் படகு சத்தத்தோடு குறுக்கே போனபோது படம் கெட்டதே என்று திட்டினேன். கொஞ்ச தூரம் போன படகு திரும்பிக் கரைப் பக்கம் வந்து சத்தத்தை நிறுத்திக்கொண்டது. ஏதோ ரிப்பேர் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

பாட்டரி மாற்றத் திரும்பியபோதுதான் அவர்களைப் பார்த்தேன். இரண்டு ஆண்கள். ஒருவர் ஐம்பது வயது தாண்டியவர். இன்னொருவன் குரங்குக் குல்லா போட்ட வாலிபன். ஆளுக்கொரு பக்கமாகப் பிரிந்து, குனிந்து, ஒரு வார்த்தை பேசாமல் என்னை நோக்கி ஏறிவந்துகொண்டிருந்தார்கள். பெரியவர் தோளில் ஒரு சுருள் கயிறு.

எனக்குப் பின்னால் கடல், முன்னால் அவர்கள், போன் கீழே பைக்குள். கத்தலாம் என்று வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. கழுத்துச் சங்கிலி ஞாபகம் வந்தது. செய்தித்தாளில் நாலு வரியில் வரும் பெண்களின் ஞாபகம் வந்தது.

"யாரு நீங்க? என்ன வேணும்?" என்றேன்.

"ஒன்னியும் வாணாம்மா. நீ அப்டியே குந்து. சும்மா பேசலாம்னு வந்தோம்" என்றார் பெரியவர்.

விடியாத நேரத்தில், ஆளில்லாத பாறை மேல், கயிற்றோடு சும்மா பேச வந்தவர்களை நான் அதுவரை கண்டதில்லை. கேமராவைக் கழற்றி நீட்டினேன். "இத எடுத்துக்கங்க. போயிடுங்க."

பெரியவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கேமரா இன்னாத்துக்கு எங்களுக்கு? நீ இந்தாண்ட வாம்மா."

கேமரா வேண்டாம் என்கிறவர்களுக்கு வேறு என்ன வேண்டும்? கால் தானாகப் பின்னால் போயிற்று. பேச்சுக் கொடுத்துக்கொண்டே வாலிபன் இன்னும் கிட்டே வந்தான். "யக்கா, பாசி கீது. பின்னால போவாத. என்னிய பாரு." நான் இன்னொரு அடி பின்னால் வைத்தேன்.

வழுக்கியது. ட்ரைபாட் என் காலில் இடறி, பாறையில் இரண்டு முறை மோதி, கீழே போய்விட்டது. கேமராவும் அதன் பின்னாலேயே போயிற்று. நான் குப்புற விழுந்து சறுக்கினேன். இடுப்புக்குக் கீழே பாறை இல்லை. ஒரு பிளவில் விரல்கள் மாட்டியிருந்தன. கீழே அலை மோதித் தெறித்த நீர் உள்ளங்காலை நனைப்பது தெரிந்தது. அடுத்த நிமிஷம் அந்த வாலிபன் நெஞ்சால் விழுந்து என் முழங்கையைப் பிடித்தான். நான் அவன் கையைக் கடித்தேன். சும்மா பல் பட்டது என்று சொல்ல முடியாது. ரத்தம் உப்புக் கரிக்கக் கடித்தேன்.

"கடிச்சிக்கோ. வுட மாட்டேன்" என்றான்.

பெரியவர் கயிற்றை என் அக்குளுக்கு அடியில் சுற்றினார். இழுத்தார்கள். மேலே வந்தும் நான் உதைத்துக்கொண்டுதான் இருந்தேன். இரண்டு பேருமாக என்னைத் தூக்காத குறையாக மணலுக்கு இறக்கினார்கள்.

அங்கே ஒரு அம்மாள் நின்றிருந்தார். பெரியவரின் மனைவி என்று பிறகு தெரிந்தது. அவருக்குப் பின்னால், நான் திட்டிய படகு மணலில் ஏறிக் கிடந்தது. என் செருப்புக்கும் துப்பட்டாவுக்கும் பைக்கும் பக்கத்தில், எதையும் தொடாமல் காவல் நின்றார். அப்போதுதான் அவற்றை நான் மூன்றாம் மனுஷியாகப் பார்த்தேன். ஜோடியாக வைத்த செருப்பு. மடித்த துப்பட்டா. அதன் மேல் கைப்பை. ஆள் மட்டும் இல்லை.

"போன ஐப்பசில இதே எடத்துல ஒரு பொண்ணு" என்றார் அந்த அம்மாள். "அன்னிக்கி இவங்க கூவிகினே ஓடனாங்க. சத்தம் கேட்டுச்சோ இல்லியோ, குதிச்சிடுச்சி. அதான் இன்னிக்கி வாயத் தொறக்காம போங்கன்னு அனுப்னேன்."

"நான் சாக வரல. போட்டோ எடுக்க வந்தேன்" என்றேன். கேமரா இருந்தாலாவது காட்டியிருக்கலாம். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன, அதுவும் என் கட்சிக்கு உதவவில்லை.

"சரி, போட்டோதான். குந்து" என்றார். என் மணிக்கட்டைப் பிடித்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்தார். மீன் செதில் ஒட்டிய கை, இரும்புப் பிடி. "வூட்டுக்காரரு நம்பரப் போடு. அவுரு வந்தாத்தான் கைய வுடுவேன்."

ஸ்பீக்கரில் போட்டுக் கொடுத்தேன். மணி முழுதாக அடிப்பதற்குள் எடுத்துவிட்டார். தூங்குகிற மனிதர் அவ்வளவு சீக்கிரம் எடுப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"சார், உங்க வூட்டம்மா இங்க மாபலிபுரத்தாண்ட பாறைல..."

"உயிரோட இருக்காளா?" என்றார்.

யார் பேசுகிறீர்கள், எந்தப் பாறை, என்ன ஆயிற்று, ஒன்றும் கேட்கவில்லை. அந்தக் கேள்வியை முன்பே வாயில் வைத்துக்கொண்டு காத்திருந்தவர் மாதிரி கேட்டார்.

வெயில் வருவதற்கு முன்பே ஒரு வாடகைக் கார் வந்துவிட்டது. கைலியோடு லிஃப்டில்கூட இறங்காத மனிதர், கைலியும் பனியனுமாக மணலில் ஓடிவந்தார். வந்து நின்று, என் முகத்தைப் பார்த்து, ஈரமான என் கால்களைப் பார்த்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு மூச்சு வாங்கினார். வாலிபன் தோப்பு ஓரத்தில் கையில் துணியைச் சுற்றிக்கொண்டிருந்தான். எனக்கு அவனைப் பார்க்க முடியவில்லை.

"படம் எடுக்கத்தாங்க வந்தேன். வழுக்கிடுச்சு" என்றேன்.

"ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும் எழுந்து உக்காந்துடுவேன்" என்றார். "நீ வந்து லிஃப்ட் கதவு சாத்துற வரைக்கும் ஹால்லயே உக்காந்திருப்பேன். அப்புறம் ஓடிப் போய்ப் படுத்துக்குவேன்."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"கேட்டு, நீ ஆமான்னுட்டா?"

கோபப்பட எனக்கு நன்றாக வரும். அன்றைக்கு வரவில்லை. அவர் எனக்கு எதிரே குந்தி உட்கார்ந்தார். "இன்னிக்கு சரி, வழுக்கிடுச்சு. நம்பறேன். மத்த நாள்ல? அங்க நிக்கும்போது எப்பவாவது நெனச்சியா?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்த இரண்டு ஆண்களைப் பார்த்தபோதும் வராத பயம் அப்போது வந்தது, ஏனென்றால் இல்லை என்ற சொல் வரவில்லை. விளிம்பில் நிற்கும்போது எவ்வளவு லேசாக இருக்கும் என்பது எனக்குத் தெரியும். அது படத்துக்காக மட்டும்தானா என்று நான் என்னைக் கேட்டதே இல்லை. அந்த அம்மாளின் பிடி இன்னும் கொஞ்சம் இறுகியது.

"தெரியலைங்க" என்றேன்.

அவர் என் பக்கத்தில் வந்து மணலில் உட்கார்ந்து என் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டார்.